பாரமும் பாதையும்: இழுவைப் பெட்டி குறித்து ஓர் அபிப்பிராயம்

பொதுத் தெருவிற் செல்லும் கமத்தொழில் வாகனங்களின் அளவையும் பாரத்தையும் கட்டுப்படுத்தும் விதிகள் பற்றிப் பதுளை மாவட்டக் கமக்காரரிடையே ஒரு மனத்தாங்கல் உண்டு. நெல் விளைவிப்போரையும் மரக்கறி செய்வோரையும் தெருவில் மறித்து நிறுத்துவதற்கென்றே இவ்விதிகள் ஏற்பட்டனவென்று பலர் கருதுகின்றனர். இக்கருத்தில் ஒரு பாதி பிழையானது. மறு பாதியில் நியாயம் இருக்கின்றது. பிழை எது, நியாயம் எது என்பதைப் பிரித்துப் பார்த்தல் நன்று.

விதிகளின் மூலம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும் வயலுக்குள் நிற்கும்வரை கமக்காரனின் கருவிகள். தெருவுக்கு வந்தவுடன் அவை மோட்டார் வாகனங்களாகக் கொள்ளப்படும். பதிவும், வருடாந்த வருமான அனுமதிப் பத்திரமும், உரிய சாரதி அனுமதிப் பத்திரமும் வேண்டும். சாரதிப் பத்திரத்தில் இரு சில்லு இயந்திரத்துக்கு ஜீ 1 என்னும் வகுப்பும், நான்கு சில்லு இயந்திரத்துக்கு ஜீ என்னும் வகுப்பும் தனித்தனியே உள்ளன. இவை பெரும்பாலும் யாவரும் அறிந்தவையாதலின் மேலே செல்வோம்.

நம் மாவட்டத்தின் தெருக்கள் எதற்காக அமைக்கப்பட்டன என்பதை முதலிற் சிந்திக்க வேண்டும். ஊவாவின் பழைய மலைப்பாதைகளிற் பல, கோப்பியையும் பின்னர் தேயிலையையும் மாட்டுக் கரத்தைகளில் இறக்குவதற்காக வெட்டப்பட்டவை. புகையிரதம் பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலுமே வந்தது. அதுவரை கரத்தையே கதி. அக்காலத்துப் பாதையின் அகலம், வளைவு, கல்லாற் கட்டிய மதகு யாவும் கரத்தைக்கு அளந்தவை. மேலே தார் பூசிவிட்டமையால் அடித்தளம் மாறிவிடுவதில்லை. ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள போகொட மரப்பாலத்தைக் காண வருவோர் எவரும் அதன்மேல் உழவு இயந்திரத்தைச் செலுத்த நினையார். அது கால்நடையாய்ச் செல்வோருக்கென எழுந்த பாலமென்பது பார்த்தவுடனே விளங்கும். ஆனால் கிராமத்துப் பாதையின் சிறு மதகோ தன் வயதையும் வலிமையையும் தாருக்கடியில் மறைத்துக்கொண்டு கிடக்கின்றது. அதுவே இடர்.

இனிப் பாரத்துக்கு வருவோம். பாரம் இரட்டித்தால் பாதைக்கு ஏற்படும் சேதமும் இரட்டிக்கும் என்று நினைப்பது இயல்பு. அஃது உண்மையன்று. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒற்றாவா என்னும் ஊருக்கு அருகே, 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் பரிசோதனை நடத்தப்பட்டது. பலவகைப் பாதைகளை அமைத்து, அளந்த பாரம் ஏற்றிய லொறிகளை இராணுவச் சாரதிகளைக்கொண்டு மீண்டும் மீண்டும் ஓட்டி, பாதை எப்போது கெடுகின்றதென்று கணக்கிட்டனர். அதன் முடிவு இதுவே: ஓர் அச்சின்மேல் இறங்கும் பாரம் இரட்டித்தால், பாதைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும்.

இதனை நம் இழுவைப் பெட்டியில் வைத்துப் பார்ப்போம். நான்கு சில்லு இயந்திரம் இழுக்கும் ஒற்றை அச்சுப் பெட்டியொன்று வெறுமையாக 500 கிலோ எடையுள்ளதென்று கொள்க. அதில் 50 கிலோ உருளைக்கிழங்கு மூடைகள் 70 ஏற்றினால் சுமை 3,500 கிலோ, மொத்தம் 4,000 கிலோ. அதையே 35 மூடைகளாக இரண்டு நடையிற் கொண்டுசென்றால் ஒவ்வொரு நடையும் 2,250 கிலோ. பெட்டியின் அச்சை மட்டும் கணக்கில் எடுத்தால், அந்த ஒரு நடை பாதைக்குச் செய்யும் சேதம், இரு நடைகளும் சேர்ந்து செய்யும் சேதத்தைப்போல் ஐந்து மடங்காகின்றது. வெறும் பெட்டி திரும்பி வருவதால் விளையும் சேதம் சொல்லத் தக்கதன்று. இந்தக் கணக்கு நல்ல அடித்தளமுள்ள பாதைக்கு உரியது. ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையில் ஊறிக் கிடக்கும் நம் மலைப்பாதையில், அதுவும் பள்ளத்துப் பக்கம் தாங்குவதற்கு மண்ணே இல்லாத ஓரத்தில், நிலைமை இன்னும் மோசமாகும்.

பாதை உடைந்தால் யாருக்கு நட்டம்? லொறிக்காரர் வேறு ஊருக்குச் சென்று வாங்குவார். லொறி இறங்கி வராத இடத்தில் மரக்கறிக்கு விலை இல்லை. மூடையைத் தலையிற் சுமந்து மேல் தெருவுக்கு ஏற்றும் கூலியும் கமக்காரன் தலையிலேயே விழும். தோட்டத்து லயங்களிலிருந்து பிரசவத்துக்குச் செல்லும் பெண்ணை ஏற்றவரும் வண்டியும் அதே பாதையால்தான் வரவேண்டும். ஆகையால் பார விதி காக்கும் முதற்பொருள் கமக்காரனின் சொந்தப் பாதையே. அது தமக்கு எதிரானது என்று எண்ணுவதே மேலே கூறிய பிழையான பாதி.

பாரம் ஒன்று, அளவு வேறொன்று. உருளைக்கிழங்கு எடையாற் கெடுக்கும். கோவா உயரத்தாற் கெடுக்கும். கோவாவும் லீக்சும் எடையிற் குறைந்தவையாகத் தோன்றுவதால் பெட்டியின் விளிம்புக்கு மேலே கம்பு நட்டுக் கயிறு கட்டி அடுக்குகிறோம். அடுக்கு உயர உயரப் பாரத்தின் நடுவிடமும் உயர்கின்றது. பண்டாரவளைத் தெருவிலோ அப்புத்தளை வளைவிலோ ஒரு பக்கச் சில்லு குழியில் இறங்கினால் பெட்டி சரிந்துவிடும். பக்கவாட்டில் பிதுங்கும் மூடையும் அவ்வாறே ஆபத்தானது. எதிரே வரும் பேருந்தின் சாரதி பெட்டியின் அகலத்தை அளந்து விலகுகிறாரேயன்றி மூடையின் அகலத்தையன்று. இரவில் மூடை கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

இரண்டடி இடம் எத்துணைப் பெறுமதியுடையது என்பதற்குப் பசறை–லுணுகலைத் தெருவின் 13ஆம் கட்டை சாட்சி. 2021 மார்ச் 20ஆந் திகதி காலையில், சரிந்து விழுந்த பாறையொன்றாற் குறுகியிருந்த அவ்விடத்தில், எதிரே வந்த பாரவூர்தியைக் கடக்க முற்பட்ட பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதில் கமத்தொழில் வாகனம் எதுவும் சம்பந்தப்படவில்லை. ஆயினும் அன்று பாறை மறித்த அளவு இடத்தை, இன்று எத்தனையோ பெட்டிகளில் பிதுங்கும் மூடைகள் மறித்துக்கொண்டு செல்கின்றன.

இறக்கம் பற்றி ஒன்று கூறாமல் விடலாகாது. இரு சில்லு இயந்திரத்தை நம்மவர் லேண்ட் மாஸ்டர் என்பர். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த இயந்திரத்தின் பெயர், இன்று எக்கம்பனியின் இயந்திரத்துக்கும் வழங்கலாயிற்று. அது சேற்று வயலுக்கென எழுந்தது. மலைச்சரிவில் மூடை இறக்குவதற்கன்று. சமதரையில் இடப்புறக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லுக்குச் செல்லும் விசை அறுபடும், வலச் சில்லு தள்ளும், இயந்திரம் இடப்புறம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழாகும். அங்கே இயந்திரம் இழுப்பதில்லை. பின்னாலுள்ள பாரம் தள்ளுகின்றது, இயந்திரம் சில்லுகளை மறித்துப் பிடிக்கின்றது. அவ்வேளையில் இடக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லு அவிழ்ந்து முந்தி ஓட, இயந்திரம் வலப்புறம் திரும்பிவிடும். சாரதி திகைத்து இன்னும் இறுக அழுத்துவார். அத்துடன் காரியம் முடிந்துவிடும். பாரம் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்கு இத்தள்ளுதலும் மிகும். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், தாழ்ந்த கியரில், பெட்டியின் தடையை மிதித்துக் கைபிடியாலேயே திருப்ப வேண்டும். இதைச் சொல்லிக்கொடாமல் மகனிடம் இயந்திரத்தைக் கொடுத்தல் கூடாது.

மகியங்கனை, கிராந்துருக்கோட்டை, ரிதிமாலியத்தைப் பகுதிகளில் மேடு பள்ளம் குறைவாயினும் வேறொரு வழக்கம் தெருவைக் கெடுக்கின்றது. சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சில்லுகளைக் கழற்றாமலே ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குத் தார்த்தெருவால் ஓட்டுகின்றனர். இரும்புப் பற்கள் தாரைக் கொத்திக் கிளறுகின்றன. முதல் மழையில் அக்கொத்து குழியாகின்றது. இறப்பர்ச் சில்லுக்கு வெளியே அவற்றை மாட்டும்போது இயந்திரத்தின் அகலமும் கூடிவிடுகின்றது. அரை மணி நேரக் கழற்றலை மிச்சம் பிடிக்க ஊர்த் தெருவைப் பலியிடுவதை எவ்வகையிலும் ஆதரிக்க முடியாது.

இதற்கெல்லாம் கமக்காரர் கூறும் மறுமொழி நாம் அறியாததன்று. இரண்டு நடை என்றால் இரட்டிப்பு டீசல், இரட்டிப்புக் கூலி. பொழுது சாயுமுன் கெப்பெட்டிப்பொலை பொருளாதார மத்திய நிலையத்தை அடையாவிடின் விலை விழுந்துவிடும். எரிபொருள் கிடையாத 2022ஆம் ஆண்டில் இரண்டு நடைப் பாரத்தை ஒரே நடையில் ஏற்றியவரை நாம் குறைகூறோம். அந்நெருக்கடி நீங்கியபின்னும் அதே பழக்கம் நிலைப்பதுதான் பொருத்தமற்றது.

வேறு சிலர், பிரித்தானியாவில் பாரத்தைக் கூட்டினார்களே, இங்கு ஏன் கூட்டக்கூடாது என்பர். மெய்தான். அங்கே 2015 மார்ச்சில் உழவு இயந்திரமும் பெட்டியும் சேர்ந்த மொத்தப் பாரத்தின் எல்லை 24.39 தொன்னிலிருந்து 31 தொன்னாகவும், வேகத்தின் எல்லை மணிக்கு 32 கிலோமீற்றரிலிருந்து 40 கிலோமீற்றராகவும் உயர்த்தப்பட்டன. ஆனால் பெட்டியொன்றுக்கு உரிய 18.29 தொன் என்னும் எல்லை உயர்த்தப்படவில்லை. பாரம் பல அச்சுகளிற் பகிரப்படுகின்றது. அகலம் 3 மீற்றரைக் கடந்தால் பொலிசாருக்கு முன்னறிவித்தல் வேண்டும். தடையில்லாத ஒற்றை அச்சுப் பெட்டியை எல்லச் சரிவில் இறக்குவதற்கு அவ்வுதாரணம் துணைவராது.

இப்போது நியாயமான பாதிக்கு வருகிறோம். தன் பெட்டியின் பாரம் எவ்வளவென்று கமக்காரன் எவ்வாறு அறிவான்? நெல்லாயின் ஒருவாறு கணக்கிடலாம். ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ ஆதலின் 84 புசல் என்பது 1,750 கிலோவுக்குச் சற்று மேல். மரக்கறியில் அக்கணக்குச் செல்லாது. கழுவிய கரட் மூடையும் கழுவாத மூடையும் ஒன்றல்ல. மழையில் நனைந்த லீக்ஸ் கட்டின் எடையை ஏற்றுகின்றவரே சொல்ல இயலாது. அறிய வழியில்லாத ஒன்றுக்குத் தெருவில் நிறுத்தித் தண்டம் விதித்தல், சட்டப்படி சரியாயினும், நீதியாகத் தோன்றாது. எங்கோ தெருவோரத்தில் நிறுப்பதிலும் பார்க்க, ஏற்றுமிடத்தில் நிறுப்பதே முறை என்பது எம் அபிப்பிராயம். மரக்கறி வந்து சேரும் பெரிய சந்தைகளின் வாயிலிலும், கமநல சேவை நிலையங்களிலும், தண்டத்துக்கன்றி அறிவுக்காக, எவரும் இலவசமாகப் பெட்டியோடு நிறுத்துப் பார்க்க வசதி வேண்டும். நான்கைந்து முறை நிறுத்தவருக்கு அதன்பின் கண்ணே தராசாகிவிடும். பெட்டியின் வெறும் எடையையும் அது தாங்கத்தக்க எடையையும் அதன் பக்கத்தில் வர்ணத்தால் எழுதுவதற்குச் செலவு அதிகமில்லை. பெட்டி செய்கின்ற பட்டறைக்காரரிடமே இதைக் கேட்டுப் பெறலாம்.

பாலங்களின் பார எல்லைப் பலகைகளும் சிங்களத்திலும் தமிழிலும் தெளிவாக இருத்தல் வேண்டும். பலகை பாலத்தின் வாயிலில் மட்டும் நின்றாற் போதாது. பெட்டியைத் திருப்ப இடமில்லாத குறுகிய பாதையில் அங்கே வந்தபின் வாசித்து யாது பயன்? பிரிவழியிலேயே நட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலாற் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பாதைகளும் பாலங்களும் சேதமுற்றதைக் கண்டவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. வெளிப்பார்வைக்கு முழுமையாக நிற்கும் மதகின் அடியில் மண் கழுவுண்டு வெறுமையாய் இருக்கக்கூடும்.

ஆதலின், அடுத்த போகத் தொடக்கக் கூட்டத்தில் நீர்ப்பங்கீட்டையும் விதையையும் பேசி முடித்தபின், கமக்காரர் அமைப்பினர் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குவாராக. தம் ஊரில் எந்த மதகு வெடித்துள்ளது, எந்த ஓரம் இறங்கியுள்ளது, எப்பாலத்துக்குப் பலகை இல்லை என்பவற்றைக் கட்டைக் கணக்கோடு எழுதி, சிறு பாதையாயின் பிரதேச சபைக்கும், பெருந்தெருவாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனுப்பலாம். ஒரு பிரதியை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து வைத்தல் நன்று. பதில் வரும்வரை அம்மதகுகளுக்கு மேலால் எத்தனை மூடைக்கு மேல் ஏற்றுவதில்லை என்பதையும் அக்கூட்டத்திலேயே தீர்மானித்துக் கொள்ளலாம்.