ஜெனீவாவில் முதலில் சாத்தப்பட்ட கதவு

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் 43ஆவது கூட்டத்தொடர் கொரோனா காரணமாக இடைநிறுத்தப்பட்டது. பெப்ரவரி 24இல் தொடங்கி மார்ச் 20 வரை நடக்கவேண்டிய கூட்டத்தொடர் அது. இன்னும் ஒரு வாரம் மீதி இருந்தது. மீண்டும் எப்போது கூடும் என்பதற்குத் திகதி கொடுக்கப்படவில்லை.

அதிலிருந்து பதின்மூன்றாம் நாள், மார்ச் 26 அன்று, மிருசுவிலில் ஐந்து வயதுச் சிறுவன் உட்பட எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்க, ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் விடுதலையானார். 2000ஆம் ஆண்டு நடந்த கொலை. 2015இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விடுதலைக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்து, "ஜெனீவா மூடியிருந்ததால்தான் இது நடந்தது" என்று எழுதுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அது சரிவரவில்லை. கொரோனாவே வராதிருந்தாலும் கூட்டத்தொடர் மார்ச் 20இல் முடிந்திருக்கும். இலங்கை பற்றிய முக்கிய விவாதமும் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பெப்ரவரி 26இல் வெளிவிவகார அமைச்சர் தினேஷ் குணவர்தன இணை அனுசரணையிலிருந்து விலகுவதாகப் பேரவையில் அறிவித்தார். மறுநாள் ஆணையாளர் மிச்சேல் பச்லெட் தன்னுடைய கவலையைச் சொன்னார். பொதுமன்னிப்புக்கு எதிராக ஆணையாளரின் அலுவலகம் மார்ச் 27இல் அறிக்கையும் வெளியிட்டது. கூட்டம் இல்லாவிட்டாலும் அறிக்கை வரும். மிருசுவிலிலோ யாழ்ப்பாணத்திலோ வீதிக்கு வந்து நிற்க ஒருவராலும் முடியவில்லை என்பதே வேறுபாடு. இங்கே ஊரடங்கு.

அப்படியானால் அந்த இடைநிறுத்தத்தில் நாங்கள் இழந்தது என்ன? அதைப் பார்ப்பதற்கு முன்னர் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முடிவு சரியானது. இன்னும் முன்னரே எடுத்திருக்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

ஒரு மாநாடு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் பொஸ்டன் நகரம் உதாரணம். பெப்ரவரி 26, 27ஆம் திகதிகளில் பயோஜென் என்ற மருந்து நிறுவனத்தின் முகாமையாளர்கள் ஏறத்தாழ 175 பேர் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். மார்ச் 10ஆம் திகதி மசசூசெட்ஸ் மாநிலத்தில் கணக்கிடப்பட்ட 92 தொற்றாளர்களில் 70 பேர் அந்தக் கூட்டத்தோடு தொடர்புபட்டவர்கள். அங்கே இருந்தவர்கள் மருத்துவம் தெரியாதவர்கள் அல்லர், மருந்து விற்பவர்கள். கை குலுக்கினார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், விமானம் ஏறினார்கள்.

பொஸ்டன் வரை போகவும் தேவையில்லை. மார்ச் 15இல் அரியாலையில் நடந்த ஆராதனையை யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். சுவிஸிலிருந்து வந்து அதை நடத்திய போதகருக்குத் திரும்பிப்போன பிறகு தொற்று உறுதியானது. மார்ச் 22இல் குடாநாட்டின் முதலாவது தொற்றாளர் அந்த ஆராதனையின் தொடர்பில் இனங்காணப்பட்டார். அதன் பிறகு அங்கே போன சனங்களை முகநூலில் குற்றவாளிகள்போல எழுதினார்கள். ஆனால் அதே வாரத்தில், மார்ச் 12 முதல் 14 வரை, கொழும்பில் றோயல் - தோமியன் கிரிக்கெட் போட்டி பெருங்கூட்டத்தோடு நடந்தது. நாட்டில் முதலாவது இலங்கையர் தொற்றாளர் இனங்காணப்பட்டு ஓரிரு நாட்கள்தான் ஆகியிருந்தன. பொதுத் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் மார்ச் 19 நண்பகல் வரை கச்சேரிகளில் ஏற்கப்பட்டன. அதன் பின்னர்தான் தேர்தல் ஒத்திவைக்கப்படுவதாக ஆணைக்குழு அறிவித்தது. அரியாலையில் கூடியவர்கள் மட்டும் எப்படித் தனியாக அகப்பட்டார்கள் என்று யோசிக்கலாம்.

பெரிய மாநாடுகளை நிறுத்தும் முடிவு வைத்தியர்களின் கையில் மட்டும் இருப்பதில்லை. பார்சிலோனாவில் ஆண்டுதோறும் இலட்சம் பேர் கூடும் கைத்தொலைபேசி மாநாடு பெப்ரவரி 12இல் இரத்தானது. ஸ்பெயின் சுகாதார அதிகாரிகள் அதை நிறுத்தச் சொல்லவில்லை. எரிக்சன், அமேசான், சோனி என்று நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலக, மண்டபம் வெறுமையாகிவிடும் என்ற நிலையில்தான் ஏற்பாட்டாளர்கள் கைவிட்டார்கள். இதில் காப்புறுதிக் கணக்கும் இருக்கிறது. அரசாங்கம் தடைசெய்தால் நட்டஈடு கிடைக்க வழியுண்டு. பயத்தில் தாங்களே நிறுத்தினால் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் ஏற்பாட்டாளர் அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார், அரசாங்கம் பொருளாதாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். நாட்கள் போகும், தொற்று நிற்காது. பெப்ரவரி 28இல் ஆயிரம் பேருக்கு மேல் கூடும் நிகழ்வுகளை சுவிஸ் அரசாங்கம் தடைசெய்ததும் ஜெனீவா மோட்டார் கண்காட்சி அன்றைக்கே இரத்தானது. அதே ஊரில் மனித உரிமைகள் பேரவை இன்னும் இரண்டு கிழமைகள் நடந்தது.

அந்த இரண்டு கிழமைகளில் நடந்ததுதான் எங்களைப் பற்றியது.

பேரவை ஒரேயடியாக மூடப்படவில்லை, படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மார்ச் முதல் வாரத்திலேயே பக்க அமர்வுகள் அனைத்தும் இரத்துச் செய்யப்பட்டன. பிரதான மண்டபத்தில் அரசுகளின் அமர்வு தொடர்ந்தது. ஜெனீவாவுக்குப் போய்வந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். பிரதான மண்டபத்தில் 47 உறுப்பு நாடுகளின் ஆசனங்கள் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற அரசசார்பற்ற நிறுவனத்தின் பெயரில் யாராவது பேச வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு நிமிடம்கூடத் தாண்டாது. ஒலிவாங்கி தானாகவே நின்றுவிடும். வவுனியாவிலிருந்து மகனின் படத்தோடு போகும் ஒரு தாய் தன் கதையை முழுதாகச் சொல்லக்கூடிய இடம் பக்க அமர்வு நடக்கும் சிறிய அறைதான். அங்கே இருபது பேர் இருப்பார்கள், அதில் இரண்டு மூன்று பேர் இராஜதந்திரிகளாக இருப்பார்கள். அமர்வு முடிந்து கோப்பிக் கடைக்குப் போகும் வழியில் அவர்களில் ஒருவர் நின்று இரண்டு கேள்வி கேட்பார். அடுத்த தீர்மானத்தின் ஒரு வரி அந்த ஓடையில்தான் எழுதப்படும். எழுதப்படாமலும் போகும், அது வேறு கதை.

அந்த அறைதான் முதலில் சாத்தப்பட்டது. சுகாதாரக் காரணம் உண்மையானது: சிறிய அறை, நெருக்கமான கதிரைகள், பல நாட்டவர். ஆனால் விளைவையும் சொல்லவேண்டும். இலங்கை அரசுக்கு ஜெனீவாவில் நிரந்தர வதிவிடப் பிரதிநிதி இருக்கிறார். விமானம் பறக்காவிட்டாலும் அவர் அங்கேயே இருப்பார். பாதிக்கப்பட்டவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. அவர்களுக்கு இருப்பது ஒரு விசாவும் திரும்பிவரும் திகதியும்தான்.

இதே மாதிரி நியூயோர்க்கிலும் நடந்தது. பெண்களின் நிலை பற்றிய ஐ.நா. ஆணைக்குழு, பெய்ஜிங் மாநாட்டின் 25ஆவது ஆண்டில் மார்ச் 9 முதல் 20 வரை கூடவிருந்தது. உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் போவதற்கு ஆயத்தமாக இருந்தார்கள். மார்ச் 2இல் அது ஒருநாள் கூட்டமாகச் சுருக்கப்பட்டது. தலைநகரங்களிலிருந்து வரவேண்டாம் என்றார்கள், பக்க நிகழ்வுகளை நிறுத்தினார்கள், ஆனால் அரசியல் பிரகடனத்தை மார்ச் 9இல் நிறைவேற்றினார்கள். எனக்கு இது இரத்தைவிட மோசமாகப் படுகிறது. ஆட்கள் வரமுடியாதென்றால் முடிவையும் தள்ளிவைத்திருக்க வேண்டும். ஜெனீவா அந்தளவில் பரவாயில்லை. நிறைவேற்றப்படாத தீர்மானங்களை அப்போது அப்படியே நிறுத்திவைத்தது.

காணொளியில் நடத்தலாமே என்கிறார்கள். அதில் நன்மை உண்டு. விசா வேண்டாம், கட்டுநாயக்காவில் விசாரணை இல்லை, கிளிநொச்சியிலிருந்தே பேசலாம். ஆனால் கிளிநொச்சியில் எந்த வீட்டில் இருந்து பேசுவது? பேசி முடித்த மாலையில் அந்த வீட்டுப் படலையில் யார் வந்து நிற்பார்கள்? அந்த ஓடைச் சந்திப்பும் திரையில் கிடையாது. இருந்தாலும் ஒருவருமே பேசாமல் இருப்பதைவிட இது மேல் என்றுதான் நினைக்கிறேன். சிவில் அமைப்புகள் இப்போதே இதைக் கேட்டு எழுதவேண்டும். பேரவை மறுபடி கூடும்போது அரசுகளை மட்டும் வைத்துக் கூடட்டும் என்ற ஆலோசனை நிச்சயம் வரும்.

ஒலிம்பிக்குக்குப் புதுத் திகதி 2021 ஜூலை 23 என்று குறித்துவிட்டார்கள். காலநிலை மாநாடும் 2021ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் பல தாய்மார் பிள்ளையைக் காணாமலே இறந்துவிட்டார்கள். அவர்களின் கொட்டிலில் ஓராண்டுத் தாமதம் என்பது வேறு கணக்கு.

இனி எங்களுடைய முறை. மே 18க்கு ஆறு வாரங்கள் இருக்கின்றன. பதினோராவது ஆண்டு. முள்ளிவாய்க்காலில் ஆயிரக்கணக்கானோர் கூடுவது இம்முறை ஆபத்து. வருகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், உடலில் செல் துண்டுகளோடு இருப்பவர்கள். எனக்கு இதில் தடுமாற்றம் இல்லை: பெருங்கூட்டம் வேண்டாம். ஆனால் அதைச் சொல்லவேண்டியது யார்? 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம் பொலிஸாரின் கையில் இருக்கிறது. ஏற்பாட்டுக் குழுக்கள் மே 16 வரை பேசாமல் இருந்தால் பொலிஸார் நீதிமன்றத் தடையோடு வருவார்கள். அடுத்த ஆண்டு கொரோனா இல்லாதபோதும் அந்தப் பத்திரத்தை முன்மாதிரியாகக் காட்டுவார்கள்.

குழுக்கள் ஏப்ரலிலேயே கூடி, தங்கள் பெயரில், தாங்களே முடிவை அறிவிக்கலாம். எத்தனை பேர் திடலுக்குப் போவது, எவ்வளவு இடைவெளியில் நிற்பது, மற்றவர்கள் எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் விளக்கேற்றுவது, கஞ்சி எங்கே காய்ச்சுவது என்று எழுதிப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கொடுக்கலாம். அவர் ஆலோசனை சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். திடலுக்குப் போகும் அந்தச் சிலர் கட்சிப் பிரமுகர்களாக இருக்கக்கூடாது என்பதையும் முதலிலேயே எழுதிவிடவேண்டும். இறந்தவர்களின் உறவுகளே போகவேண்டும். ஜெனீவாவில் அவர்களின் அறைதான் முதலில் பூட்டப்பட்டது. முள்ளிவாய்க்காலிலும் அதையே நாங்கள் செய்யப்போகிறோமா என்பது இந்த மாதத்துக்குள் தெரிந்துவிடும்.