குறட்டையும் குருதிக்குழாயும்: கந்தப்பளையில் கேட்கப்படாத கேள்வி

கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் உடல் இதற்குப் பழகிவிடும். ஆனால் தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய் உள்ளவருக்கு, ஏற்கெனவே குறைந்த இருப்பில்தான் ஒவ்வொரு தடவையும் கைவைக்கப்படுகிறது. தாழ்நிலத்தில் வசிக்கும் இத்தகைய நோயாளிகளை 1,860 மீற்றர் உயரத்தில் தங்கவைத்து சுவிற்சர்லாந்தில் ஆராய்ந்தபோது, மூச்சு நிற்பது கூடியது. இரத்த அழுத்தமும் ஏறியது. கொழும்பில் வேலைசெய்து தீபாவளிக்கு ஊர் திரும்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூச்சு நிற்கும்போது ஒட்சிசன் இறங்குகிறது. மூளை பதறி எழுப்புகிறது. நரம்புகள் குருதிக்குழாய்களை இறுக்குகின்றன. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான தடவைகள்கூட நடக்கலாம். குழாயின் உட்சுவர் சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டுதான் குழாயைத் தளர்த்துவது. அது குறையக் குறையக் குழாய் விறைக்கிறது. மூன்று வகை பிறசர் குளிசை போட்டும் அழுத்தம் இறங்காத பலருக்கு உள்ளே இருப்பது இந்த நோய்தான்.

முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் 'சீபாப்' இயந்திரம் 1981இல் அவுஸ்திரேலியாவில் அறிமுகமானது. ஒழுங்காகப் பாவித்தால் சில வாரங்களிலேயே குழாய்களின் தளர்வு மீள்கிறது. நிறுத்தினால்? சூரிச் ஆய்வொன்றில் இரண்டே வாரங்களில் அந்த நன்மை கைநழுவியது. காலைநேர அழுத்தமும் உயர்ந்தது. அப்படியென்றால் மாரடைப்பும் பாரிசவாதமும் குறைய வேண்டுமே. ஏற்கெனவே இதய நோயோ பாரிசவாதமோ கண்ட 2,717 பேரிடம் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில் அவை குறையவில்லை. அவர்கள் இயந்திரத்தைப் பாவித்ததோ சராசரியாக இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான். பாதி இரவுக்கு மருந்து, மீதி இரவுக்கு நோய். இயந்திரம் பயனற்றது என்று இதை வாசிப்பது அவசரம் என்றே நினைக்கிறேன்.

நாட்சம்பளத்தில் வாழ்பவரிடம் இந்த இயந்திரத்தை வாங்கச் சொல்வது கேலி. ஆனால் நோயை அடையாளம் காணப் பணம் தேவையில்லை. லயன் காம்பராவில் ஒருவரின் குறட்டை பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். அது திடீரென நின்று, சற்றுப் பொறுத்து மூச்சுத்திணறலோடு மறுபடி தொடங்குவதை வீட்டாரே சொல்லிவிடுவார்கள்.

1977இலும் 1983இலும் அடிபட்டு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுவதை யுத்த நினைவென்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதுவாகவும் இருக்கலாம், மூச்சு நிற்பதாகவும் இருக்கலாம், இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் சாதாரணம். சோர்வும் தலையிடியுமாக விடிந்தால், பிறசர் கிளினிக்குக்குப் போகும்போது பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிப்போய், இரவில் கேட்டதை வைத்தியரிடம் சொல்ல வையுங்கள். மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பதையும், இரவில் சாராயத்தை விடுவதையும் அன்றைக்கே தொடங்கலாம்.