டுரோன் திரையில் எல்லைக் கோட்டை வரைவது யார்?

செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களில் டுரோன் மருந்தடிப்பதை இப்போது யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. செம்பனையிலும் அது நுழைந்துவிட்டது. இளங்கன்றுகளைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கு எதிராக, கன்று கன்றாகப் பார்த்து மருந்து விடும் டுரோனை உள்நாட்டு நிறுவனமான போலாடுரோன் தயாரித்திருக்கிறது. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தென்னமரம் இருப்பதும் நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான்.

டுரோனை இயக்குபவரும் ஒரு விமானிதான். மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அவரைத் தொலைவிலிருந்து இயக்கும் விமானி என்றே குறிப்பிடுகிறது. ஆகவே அவர் எந்தத் திரையை, எந்த வரைபடச் செயலியை நம்பிப் பறக்கவிடுகிறார் என்பது அவருடைய சொந்த விருப்பம் மட்டுமல்ல.

சாதாரணக் கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ உள்ள ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். திறந்த வயலில் அது பெரிய தவறில்லை. தோட்டத்தில் அப்படியா? கடைசி நிரைக்கும் லயத்துச் சமையலறைக்கும் இடையே இருப்பதே சில மீட்டர்தான். இதற்காகவே சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் தரும் ஆர்டிகே வசதி வந்தது. ஆனால் அதற்குத் தனி நிலையமோ இணையத் தொடர்போ வேண்டும். தோட்டத்தின் உள்பகுதியில் சிக்னல் கிடைப்பதே பாடு. செயலியில் தெரியும் செயற்கைக்கோள் படமும் பழையதாக இருக்கலாம். போன வருடம் இழுத்துக் கட்டிய கூரை அதில் இருக்காது. கோவிலையும் தமிழ்ப்பள்ளியையும் விலக்க வேண்டிய இடமாக யாராவது விரலால் குறித்தால்தான் டுரோன் அதை மதிக்கும். காற்று எந்தப் பக்கம் மருந்தை இழுக்கும் என்பதைக் கோடு சொல்லாது.

பெரிய விமானிகளும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 2015 ஏப்ரலில், ஐபேட் செயலியில் இருந்த ஒரு வரைபடக் கோளாறால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானங்கள் பல தாமதமாயின. அங்கே விமானம் தரையிலேயே நின்றது, இரண்டாவது விமானியும் இருந்தார். இங்கே 40 லிட்டர் வரை மருந்து சுமக்கும் இயந்திரம். பல நேரங்களில் அதன் திரையைப் பார்ப்பது ஓர் இளைஞர் மட்டுமே.

டுரோன் வேண்டாம் என்பதல்ல என் வாதம். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்த நம் பெண்களை நினைத்தால், அது வரவேண்டிய கருவிதான். பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவித்து, 2006-இல் தளர்த்தி, 2020-இல்தான் முழுமையாக நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் யார், எங்கே, எவ்வளவு அடித்தார் என்று கேட்டால் காட்ட அந்தப் பெண்களின் கையில் ஒன்றுமில்லை. இன்றைய செயலிகள் நேரம், பாதை, அடித்த அளவு எல்லாவற்றையும் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவு குத்தகைக்காரரின் டேப்லெட்டில் இருக்கிறது. தோட்ட நிர்வாகம் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறதா? குழந்தைக்குக் கண் எரிச்சல் என்று ஒரு தாய் வந்தால் அதை எடுத்துக் காட்டுமா?

அடுத்த சுற்று மருந்தடிப்புக்கு முன், லயத்திலிருந்து இரண்டு பேரும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவரும் அந்தத் திரையைப் பார்க்கக் கேட்கலாம். வீடு, பள்ளி, கோவில், கிணறு எல்லாம் கோட்டுக்கு வெளியே இருக்கின்றனவா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.