பதினாறு பெற்றோம், பெருவாழ்வு எங்கே?

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையிலே வேலை முடிந்து வந்த தோழர்களோடு தேநீர்க் கடையிலே நின்றிருந்தோம். ஒருவர் கேட்டார்: "எங்கள் தெருவிலே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பெரியவர் இருக்கிறார். பாரிசிலே அமரும் தலைவருக்கு இங்கிருந்தே தம் கையால் ஓட்டுப் போடுகிறார். டெல்லியிலே அமரும் தலைவருக்கு என் ஓட்டு எங்கே?"

நாடாள்வோர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாட்கூலித் தோழர் கேட்டார்!

உங்கள் ஓட்டு, தோழரே, நீங்கள் அனுப்பிய சட்டமன்ற உறுப்பினரின் கையிலே இருக்கிறது. 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் வருவதே அவர் வாக்கின் மதிப்பு. 2022 தேர்தலிலே உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208. தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 176. புதுவை உறுப்பினருக்கு 16. நம் 30 பேரும் சேர்ந்தால் 480.

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்பது பெரியோர் வாழ்த்து. இந்தப் பதினாறாவது எளிதிலே வந்ததா? 1963இலே நமக்குச் சட்டமன்றம் வந்தது. 1967 முதல் 1992 வரை 7 முறை குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. ஏழு முறையும் புதுவைச் சட்டமன்றம் வேடிக்கை பார்த்தது! அரசியல் சட்டத்தின் 70ஆவது திருத்தத்துக்குப் பிறகு, 1997இலேதான் நம் உறுப்பினர்கள் வாக்குச்சீட்டைத் தொட்டனர்.

"தலைவர் யாரானால் என்ன, வெறும் முத்திரைதானே?" என்பர் சிலர். மற்றவர் சொல்லலாம், புதுவையார் சொல்லலாமா? 239ஆவது விதிப்படி இந்த மண்ணின் நிர்வாகமே குடியரசுத் தலைவர் பெயரில், அவர் நியமிக்கும் துணைநிலை ஆளுநர் வழியே நடக்கிறது. நாம் தேர்ந்தெடுத்த அமைச்சரவையோடு அந்த ஆளுநர் மாறுபட்டால், வழக்குப் போவதும் குடியரசுத் தலைவரிடமே. பெயர் அவருடையது, பேனா மத்திய அரசுடையது!

அப்படியானால் நேரடித் தேர்தலா? பிரான்சு 1962இலே அப்படி மாற்றிக்கொண்டது. அது ஒற்றையாட்சி நாடு. இங்கே பல மொழி, பல இனம். நேரடித் தேர்தலென்றால் எண்ணிக்கை பெருத்த வடபுலமே முடிவு செய்யும். 2022இலே சட்டமன்றங்களின் மொத்த மதிப்பு 5,43,231; நாடாளுமன்றத்தின் மதிப்பு 5,43,200. மாநிலங்கள் பாதி, மத்தி பாதி! இந்தத் தராசை உடைக்கச் சொல்லவில்லை. படிக்கல்லைச் சரிபார்க்கச் சொல்கிறோம்.

முதற் குறை: 1997இலே வந்த மாற்றப்படி, வேட்பாளரை முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் வேண்டும். புதுவையின் 30 சட்டமன்ற உறுப்பினரும் 2 நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரே குரலாக எழுந்து நின்றாலும் ஒரு பெயரைக்கூட முன்மொழிய முடியாது! டெல்லியிலே சமைக்கிறார்கள், நமக்கு இலை மட்டும் போடுகிறார்கள்.

இரண்டாம் குறை: 1976இலே 42ஆவது திருத்தம் 1971 கணக்கை நிலைநிறுத்தியது. 2001இலே 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கும் முதற் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது. அந்த அணை உடைந்தால்? 2011 கணக்கை வைத்துப் பார்த்தோம்: உத்தரப் பிரதேசம் 496, தமிழ்நாடு 308, புதுவை 42. நமக்கு ஆதாயம் என்று கைகொட்டலாமா? தமிழ்நாட்டைப்போல் 2 மடங்காக இருந்த உத்தரப் பிரதேசத்தின் மொத்த மதிப்பு 2.8 மடங்காகிவிடும். "அளவோடு பெறுக" என்று சொன்ன அரசின் சொல்லைக் கேட்ட குடும்பங்களுக்கு அபராதம்! அண்டை வீட்டான் இழப்பிலே நாம் விருந்துண்ண மாட்டோம்.

நமது கோரிக்கை இரண்டு. சட்டமன்றம் ஒன்று பெரும்பான்மையால் ஒரு பெயரை முன்மொழிந்தால் அதுவே போதும் என்று சட்டம் திருத்துக. மாநிலங்களுக்கிடையே 1971 விகிதத்தை, எந்தக் கணக்கெடுப்பும் அசைக்காதபடி நிலையாக்குக.

1954 அக்டோபர் 18. கீழூரிலே 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்றனர். 8 பேர் மறுத்தனர். சிற்றூரிலிருந்து வந்தவர் வாக்கும் ஒன்று. பேரூரிலிருந்து வந்தவர் வாக்கும் ஒன்று. எம் வாக்கைக் குறைக்காமல் எண்ணித்தான் எம்மை ஏற்றீர்கள். ஏற்ற பிறகு எடை குறைப்பது எந்த ஊர் நியாயம்?