மின்சாரம் பாய்ச்சுவதற்குப் பெயர் சிகிச்சையா?

மனித உரிமை பற்றி உலகத்துக்கே பாடம் நடத்தும் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேன்டன் நகரில் ஜட்ஜ் ரோட்டன்பெர்க் சென்டர் என்ற உறைவிடப் பள்ளி இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் வேறு குறைபாடுகள் உள்ளவர்களும் அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் எந்நேரமும் ஒரு பையைச் சுமக்க வேண்டும். பைக்குள் மின்கருவி; அதிலிருந்து கை கால்களுக்கு ஒயர்கள். 'ஒழுங்காக' நடக்காவிட்டால் பணியாளர் ரிமோட்டை அழுத்துவார், ஷாக் அடிக்கும்.

2002-ல் 18 வயது மாணவர் ஒருவர் மேல்கோட்டைக் கழற்ற மறுத்தார். அன்று அவருக்கு 31 முறை ஷாக். பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் காணொளி நீதிமன்றத்தில் காட்டப்பட்ட பிறகே வெளியுலகம் அதைப் பார்த்தது. 2007-ல் நடந்தது இன்னும் மோசம். அதிகாரி போல யாரோ ஒருவர் போனில் பேசி உத்தரவிட, இரவில் இருவருக்கு ஷாக் கொடுத்தார்கள்: ஒருவருக்கு 77 முறை, மற்றவருக்கு 29 முறை. போனில் பேசியது யார் என்று சரிபார்க்கக்கூட இல்லை!

இதையெல்லாம் பெற்றோர் எதிர்க்கவில்லையா? சிலர் எதிர்த்தார்கள். ஆனால் பள்ளிக்கு ஆதரவாக நீதிமன்றம் வரை போன பெற்றோரும் உண்டு. தன்னையே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு வேறு எதுவுமே பலன் தரவில்லை என்பது அவர்கள் வாதம். அந்தத் தவிப்பை நாம் ஏளனம் செய்ய முடியாது. ஆனாலும் ஷாக் வாங்குவது பெற்றோரின் உடல் அல்லவே.

ஆட்டிசத்தைப் பிள்ளை மேல் ஒட்டிக்கொண்ட நோயாகப் பார்த்தால், அதை விரட்ட எதைச் செய்தாலும் மருந்தாகத்தான் தெரியும். ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர் 1993-லேயே பெற்றோரை நோக்கி இதை மறுத்துப் பேசினார். ஆட்டிசத்துக்குப் பின்னால் வேறொரு 'சாதாரணப்' பிள்ளை ஒளிந்திருக்கவில்லை, உங்கள் முன்னால் இருப்பதே உங்கள் பிள்ளை என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதனால்தான் இன்று பலர் 'ஆட்டிசம் உள்ளவர்' என்பதைவிட 'ஆட்டிஸ்டிக்' என்றே தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். வெறும் சொல் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆட்டிசம் என் இயல்பு என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஷாக் நோயின் மேல் விழவில்லை, தன் மேல் விழுகிறது என்று அவரால் சொல்ல முடிகிறது.

2006-ல் ஆட்டிஸ்டிக் மக்களே தொடங்கி நடத்தும் 'ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க்' அதைத்தான் உரக்கச் சொன்னது. 2013-ல் சித்திரவதைகளை ஆராயும் ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஹுவான் மென்டஸும் இந்தப் பள்ளியைக் கண்டித்தார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் கருவிக்குத் தடை போட்டது. அந்தத் துறையின் கணிப்பில், அப்போது கருவியைச் சுமந்தவர்கள் சுமார் 50 பேர். 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. ஒரு கருவியைக் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டும் தடை செய்ய அந்தத் துறைக்கு அதிகாரம் இல்லையாம்! அந்த ஓட்டையை அடைக்க 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 மார்ச்சில் தடைக்கான முன்மொழிவு மறுபடியும் முதலிலிருந்து வெளியானது.