சுற்றி வளைத்தால் குண்டு நிற்குமா? கபிலர் குன்றிலிருந்து ஒரு கேள்வி



திருக்கோவிலூர் வந்தவங்க எல்லாரும் தென்பெண்ணை ஆற்றுக்குள்ளே தனியா நிற்கிற அந்தப் பாறையைப் பார்த்திருப்பீங்க. மேலே சின்னதா ஒரு கோயில். அதுதான் கபிலர் குன்று. நண்பன் பாரி இறந்த பிறகு அவன் மகள்களை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கபிலர் உயிரை விட்ட இடம் என்று சொல்கிறோம். வடக்கிருந்து இறந்தார் என்பது ஒரு வழக்கு. தீயில் புகுந்தார் என்கிறது கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு.

இந்தக் கதையின் முன்பாதி நமக்கு இன்றைக்குத் தேவைப்படுகிறது. மூவேந்தர்களும் சேர்ந்து பாரியின் பறம்பு மலையை முற்றுகை போட்டார்கள். உள்ளே எதுவும் போகக் கூடாது, பட்டினி கிடந்து இறங்கி வரட்டும் என்பது கணக்கு. இன்றைய பாஷையில் சொன்னால் பொருளாதாரத் தடை! கபிலர் அந்த அரசர்களிடம் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. மலையில் மூங்கில் நெல் விளையுது, பலா பழுக்குது, வள்ளிக்கிழங்கு இருக்கு, தேன் இருக்கு. நீங்க வளைச்சு நின்னு ஜெயிக்க முடியாது. ஆனா பாடிக்கிட்டு, கேட்டுக்கிட்டு வாங்க, அவன் தானாவே கொடுப்பான் என்றார். நம்ம கல்வராயன் மலைக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஏன் இந்தக் கதை? இரான் மீதான தடை பற்றி நம்ம தோழர்களே இரண்டு விதமா எழுதுறாங்க. "நெருக்கினா வழிக்கு வருவாங்க" என்று ஒரு பக்கம். "நம்ம மேலயும்தான் தடை போட்டாங்க, என்ன கிழிச்சாங்க?" என்று இன்னொரு பக்கம். இரண்டுமே பாதி உண்மைதான். முதலில் நம்ம கல்பாக்கத்தைப் பார்த்துவிட்டு இரானுக்குப் போவோம்.

1974 மே 18 அன்று பொக்ரானில் முதல் சோதனை நடந்தது. அதற்கான புளூட்டோனியம் கனடா கொடுத்த சைரஸ் உலையிலிருந்து வந்தது. கனடா கோபப்பட்டு உதவியை நிறுத்தியது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது உலையை நம்ம இன்ஜினியர்களே கட்டி முடித்தார்கள். அணுப் பொருள் விற்கும் நாடுகள் கூடி ஒரு குழுவையே அமைத்தன. இனி இந்தியா மாதிரி யாரும் செய்துவிடக் கூடாது என்பதுதான் அதன் பிறப்புக் காரணம்.

கல்பாக்கத்தில் அப்போது பிரான்ஸ் வடிவமைப்பைத் தழுவி ஒரு சோதனை வேக ஈனுலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் தர பிரான்ஸ் மறுத்துவிட்டது. நம்மவர்கள் புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே தயாரித்து, 1985 அக்டோபரில் அந்த உலையை ஓட்டிக் காட்டினார்கள். இதில் இருக்கும் வேடிக்கையைக் கவனிங்க. எந்தப் புளூட்டோனியத்துக்குப் பயந்து கதவை அடைத்தார்களோ, அதையே கையாளும் வித்தையை அடைத்த கதவுதான் நமக்குக் கத்துக் கொடுத்தது.

1998 மே 11, 13 தேதிகளில் மறுபடியும் பொக்ரான். அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் முன்னால் நின்றார்கள். அமெரிக்கா தடை போட்டது, ஜப்பான் உதவியை நிறுத்தியது. அதைப் பார்த்துப் பாகிஸ்தான் பயந்ததா? அதே மாதம் 28ஆம் தேதி அவர்களும் வெடித்தார்கள். இரண்டே மாதத்தில், ஜூலையில், அமெரிக்கா தன் விவசாய ஏற்றுமதிக் கடனுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிட்டது. பாகிஸ்தான் வாங்கவில்லை என்றால் அங்கே கோதுமை விவசாயிக்கு வலிக்கும் அல்லவா! 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் முடிந்த பத்துப் பன்னிரண்டு நாளில், இரு நாட்டு மீதும் இருந்த சோதனைத் தடைகளை விலக்கினார்கள். குண்டு போகவில்லை. அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

"பார்த்தீங்களா, தடை ஒண்ணும் செய்யலை" என்று இங்கே கை தட்டிவிட்டுப் போக முடியாது. தடை நம்மைக் கடித்தது, கடித்த இடம்தான் வேறு. உள்நாட்டு யுரேனியச் சுரங்கம் போதவில்லை, வெளியே வாங்க வழியில்லை. 2008-09இல் நாட்டின் அணுமின் நிலையங்கள் சராசரியாகப் பாதித் திறனுக்குத்தான் ஓடின. 2008 செப்டம்பர் 6 அன்று அதே விற்பனைக் குழு நமக்கு விலக்கு கொடுத்த பிறகுதான் வெளியிலிருந்து எரிபொருள் வந்தது. அதாவது முப்பது ஆண்டு தடை குண்டை நிறுத்தவில்லை, கரண்டைக் குறைத்தது. ஆயுதத்துக்குக் கொஞ்சம் புளூட்டோனியம் போதும், அதை எந்த அரசும் எப்பாடுபட்டாவது ஒதுக்கி வைத்துக்கொள்ளும். மின்சாரத்துக்கு வருடா வருடம் டன் கணக்கில் யுரேனியம் வேண்டும். தடை வந்தால் முதலில் வெட்டு விழுவது நம்ம மோட்டார் ஓடும் லைனுக்குத்தான்.

அப்படின்னா தடையே வேண்டாமா, எல்லாரும் குண்டு செய்ய விட்டுடலாமா என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. தடை பலித்த இடமும் உண்டு. 1970களில் தென்கொரியா பிரான்சிடம் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை வாங்கப் பார்த்தது. பாதுகாப்புக்கே அமெரிக்காவை நம்பியிருந்த நாடு அது. அமெரிக்கா கண்ணை உருட்டியதும் கைவிட்டது. இழக்க ஏதாவது இருக்கிறவனிடம், ஆரம்பிக்கும் முன்பே சொன்னால் மிரட்டல் வேலை செய்யும். ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவனிடம் செய்யாது. வடகொரியா 2006இல் முதல் குண்டை வெடித்தது, ஐ.நா. தடை வந்தது, 2017க்குள் இன்னும் ஐந்து வெடித்துவிட்டது. லிபியாவின் கடாபி 2003இல் திட்டத்தை ஒப்படைத்தார், 2011இல் அவர் கதி என்ன ஆனது என்று வடகொரியாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இப்போ இரானுக்கு வருவோம். வருடக்கணக்கான தடைக்குப் பிறகு 2015 ஜூலையில் ஒப்பந்தம் வந்தது. யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டக் கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது, சர்வதேச ஆய்வாளர்கள் உள்ளே வந்து பார்ப்பார்கள், பதிலுக்குத் தடை விலகும். தடையின் அழுத்தம் இரானை மேஜைக்குக் கொண்டுவந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உலையின் வேகத்தைக் குறைத்தது அந்த மேஜையில் போட்ட கையெழுத்து. ஒப்பந்தம் நடக்கிறது, இரான் விதியை மீறவில்லை என்று ஆய்வாளர்களே சொல்லிக்கொண்டிருந்தபோது, 2018 மே மாதம் டிரம்ப் வெளியேறினார். தடை இன்னும் கடுமையாகத் திரும்பியது. 2021இல் இரான் 60 சதவீதச் செறிவூட்டலுக்குப் போய்விட்டது. 2025 ஜூனில் குண்டு வீச்சு, செப்டம்பரில் ஐ.நா. தடைகள் மறுபடியும். கேட்டு வந்தவனுக்குக் கொடுத்த மலையை, கொடுத்த பிறகும் வளைத்தால் வேறென்ன நடக்கும்?

இதில் நமக்கும் பில் வந்தது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் 1965இல் தொடங்கியபோதே இரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் அதில் கூட்டாளி. அப்படிப்பட்ட உறவு இருந்தும், அமெரிக்கா சொன்னது என்று 2019 மே மாதத்தோடு இரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்திக்கொண்டது. ஐ.நா. சொல்லவில்லை, ஒரே ஒரு நாடு சொன்னது. இரானில் மருந்துக்குத் தடை இல்லை என்று காகிதத்தில் இருக்கும். பணம் அனுப்ப எந்த வங்கியும் முன்வராது, அதனால் புற்றுநோயாளிக்கு மருந்து போகாது. உலையை நடத்துகிற அதிகாரிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஈராக்கை 13 ஆண்டு இப்படி வாட்டிவிட்டு, 2003இல் படையெடுத்துப் போய்த் தேடினார்களே, பேரழிவு ஆயுதக் கிடங்கு ஏதாவது கிடைத்ததா?

அதனால் நாம் கேட்க வேண்டியது இதுதான். அணுகுண்டு எவர் கையிலும் கூடாது, நம் கையில் இருப்பதைச் சொல்லிப் பெருமை பேசவும் வேண்டாம். ஆனால் எந்தத் தடையாக இருந்தாலும், என்ன செய்தால் அது விலகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். செய்துவிட்டால் விலக வேண்டும். மருந்துக்கும் உணவுக்கும் வங்கி வழி திறந்திருக்க வேண்டும். ஐ.நா. சபையில் சேராத தனி நாட்டுத் தடைக்கு இந்தியா தலையாட்டக் கூடாது. தடையை முப்பது ஆண்டுக்கு மேல் அனுபவித்த நாடு என்ற முறையில் இதைச் சொல்ல டெல்லிக்கு உரிமை இருக்கிறது, இதுவரை உரக்கச் சொன்னதில்லை.

அடுத்த முறை "தடை போடு" என்றோ "தடையாவது மண்ணாவது" என்றோ படம் போட்ட பதிவு வந்தால், பகிர்வதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்க: இந்தத் தடையிலிருந்து வெளியே வர வழி வைத்திருக்கிறார்களா?