ஆண்களுக்கு 195 ஆட்டம், பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை: கொரோனா காலத்தில் மகளிர் கால்பந்து லீக் மட்டும் காணாமல் போனது எப்படி?

புவனேஸ்வரில் வியாழக்கிழமை (மே 26, 2022) இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் கடைசி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் மதுரையின் சேது எஃப்.சி., இன்னொரு பக்கம் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா. அதுவரை ஆடிய 10 ஆட்டங்களிலும் இரண்டு அணிகளுக்கும் வெற்றிதான். தலா 30 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்ததால் அந்த அணிக்கு டிரா போதும், சேதுவுக்கு ஜெயித்தே ஆகவேண்டும்.

மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு தேவி கோல் அடித்து சேதுவை முன்னிலைக்குக் கொண்டு போனார். ஆனால் இடைவேளைக்குள் எல்லாம் மாறிவிட்டது. அஷாலதா தேவியின் பெனால்டி, கானா வீராங்கனை எல்ஷடாயின் கோல், மனிஷா கல்யாணின் கோல் என்று மூன்று அடித்து 3-1 என கோகுலம் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

‘தக்கவைத்தது’ என்று சொல்லும்போது ஒரு விஷயம் இடிக்கிறது. கோகுலம் இதற்கு முன் கோப்பை வென்றது 2020 பிப்ரவரி 14, பெங்களூருவில். நடுவில் வரவேண்டிய 2020-21 சீசன் நடக்கவே இல்லை. அந்த இறுதி ஆட்டத்துக்கும் இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கும் (ஏப்ரல் 15, 2022) இடையே 26 மாதங்கள்.

கொரோனாதானே காரணம், அப்போது எல்லாமே நின்றுபோனதே என்று தோன்றலாம். எல்லாமே நிற்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

அதே வருஷம் ஆண்கள் எப்படி ஆடினார்கள்?

2020 நவம்பர் 20-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியது. 11 அணிகளும் கோவாவுக்குப் போயின. ஓட்டல், பேருந்து, பயிற்சி மைதானம், ஸ்டேடியம் – இதைத் தாண்டி யாரும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது. ‘பயோ பபுள்’ என்று அப்போது தினமும் செய்தியில் அடிபட்ட ஏற்பாடு இதுதான். அடிக்கடி பரிசோதனை, பூட்டிய கதவுக்குள் ஆட்டம், ரசிகர்கள் டி.வி. முன்னால். 2021 மார்ச் 13-ல் இறுதி ஆட்டம் வரை மொத்தம் 115 ஆட்டங்கள் நடந்து முடிந்தன.

ஐ-லீக்கும் அப்படித்தான். கொல்கத்தாவில் ஒரு பபுள். 2021 ஜனவரி 9 முதல் மார்ச் 27 வரை 80 ஆட்டங்கள். தலைப்பில் உள்ள 195 இந்த இரண்டின் கூட்டுத்தொகை.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். முதல் அலை 2020 செப்டம்பரில் உச்சம் தொட்டு இறங்கியது. இரண்டாம் அலை 2021 ஏப்ரலில் நாட்டைப் புரட்டிப் போட்டது. நடுவே நவம்பர் முதல் மார்ச் வரை கிட்டத்தட்ட ஐந்து மாதம் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆண்களின் இரண்டு லீக்குகளும் அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக முடிந்துவிட்டன.

பெண்கள் லீக்? அதெல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கோடைக்குத் தள்ளப்பட்டது. கோடையில் வந்தது இரண்டாம் அலை. முதலில் ‘தள்ளிவைப்பு’ என்றார்கள், கடைசியில் ‘ரத்து’.

2021 ஏப்ரல், மே மாதங்களில் எந்தப் போட்டியையும் நடத்தியிருக்க முடியாது, அதை ரத்து செய்தது சரியான முடிவுதான். அந்த மே கடைசியில் தினசரி தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே முந்தியது. கொடிசியா வளாகத்தில் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டிருந்த நேரம் அது. அப்போது போய் கால்பந்தைப் பற்றி யார் பேசுவார்கள்? கேள்வி அந்த ரத்து பற்றியது இல்லை. பாதுகாப்பான ஐந்து மாதத்தில் பெண்களுக்கென ஐந்து வாரம்கூட ஏன் ஒதுக்கப்படவில்லை என்பதுதான்.

நிறுத்துவது ஏன் அவ்வளவு சுலபமாக இருந்தது?

இதற்கு லீக் அப்போது நடந்த விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐ.எஸ்.எல்-லில் அப்போது ஒளிபரப்பு ஒப்பந்தம் இருந்தது, விளம்பரதாரர் இருந்தார், வீரர்களுக்கு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் சம்பள ஒப்பந்தம் இருந்தது. ஆட்டம் நடக்காவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். அதனால் எப்பாடுபட்டாவது நடத்தினார்கள்.

2021-22 சீசனிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 26-ல் தொடங்கிய ஐ-லீக், மூன்றே நாளில் பபுளுக்குள் தொற்று நுழைந்ததால் நிறுத்தப்பட்டது. ஆனால் ரத்தாகவில்லை. காத்திருந்து 2022 மார்ச் 3-ல் மறுபடி தொடங்கி, மே மாதத்தில் முடித்தார்கள். அங்கேயும் சாம்பியன் கோகுலம் கேரளாதான். (ஒரே மாதத்தில் ஆண்கள், பெண்கள் இரண்டு கோப்பைகளும் ஒரே கிளப்புக்கு!)

மகளிர் லீக் அப்போது பெயருக்குத்தான் லீக். நடந்தது ஒரே ஊரில், சில வாரங்களில். கிளப்புகள் அந்தச் சில வாரங்களுக்குத்தான் பெரும்பாலான வீராங்கனைகளைச் சேர்த்தன. சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கவில்லை, டிக்கெட் வருமானமும் இருக்கவில்லை. இப்படிப்பட்ட போட்டியை ஒரு கடிதத்தில் ரத்து செய்துவிட முடிந்தது. கோர்ட்டுக்குப் போக யாரும் இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் யாரும் இல்லை.

2022-ல் நிலைமை கொஞ்சம் தேவலாம் என்று இருந்தது. முன்பு போல குரூப், நாக்-அவுட் என்று இல்லாமல் 12 அணிகளும் ஒன்றோடொன்று மோதின. 66 ஆட்டங்கள், ஒவ்வோர் அணிக்கும் 11. ஆனாலும் எல்லாமே புவனேஸ்வரில்தான். 42 நாளில் 11 ஆட்டம் என்றால் நான்கு நாளுக்கு ஒன்று, அதுவும் ஏப்ரல்-மே ஒடிசா வெயிலில். ஆண்கள் லீக் எதற்கும் இந்த மாதங்களை யாரும் முதல் சாய்ஸாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

அங்கேயும் எல்லாம் பால்கோவா இல்லை. இங்கிலாந்தில் 2020-ல் ஆண்களின் பிரீமியர் லீக் ஜூனில் மறுபடி ஆரம்பித்தது. மகளிர் சூப்பர் லீக் பாதியிலேயே முடித்துவைக்கப்பட்டது. அப்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்தது மான்செஸ்டர் சிட்டி. ஆனால் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்த செல்சீக்கு, ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை புள்ளி என்று கணக்குப் போட்டு சாம்பியன் பட்டம் கொடுத்தார்கள்.

ஜெர்மனியில் பெண்கள் லீக் 2020 மே மாதமே மறுபடி தொடங்கி, முழுதாக முடிந்தது. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேல். கொரோனாவுக்குப் பிறகு அந்நாட்டில் முதலில் களமிறங்கிய தொழில்முறை அணி விளையாட்டு லீக் கூடைப்பந்தோ பேஸ்பாலோ இல்லை, மகளிர் கால்பந்துதான். யூட்டா மாநிலத்தில் பபுள் அமைத்து 2020 ஜூன் 27-ல் போட்டியைத் தொடங்கினார்கள். தொற்று காரணமாக ஓர்லாண்டோ அணி போட்டிக்கு முன்பே விலகியது. அதற்காகப் போட்டியைக் கைவிடவில்லை.

வைரஸ் ஒன்றுதான். வரிசையில் யாரை எங்கே நிற்கவைத்தார்கள் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறியது.

ஆடாமல் இருந்ததால் என்ன ஆனது?

லீக் இல்லாத அந்த வருஷம் தேசிய அணி மட்டும் பயணம் போனது. 2021 பிப்ரவரியில் துருக்கியில் ரஷ்யாவிடம் 0-8 எனத் தோற்றது. ரஷ்யா வலுவான அணிதான், லீக் நடந்திருந்தாலும் ஜெயித்திருப்போம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருஷமாக உள்நாட்டில் போட்டியே ஆடாத கால்களுடன் போனால் எட்டு கோல் ஆச்சரியமில்லை.

அடுத்த அடி 2022 ஜனவரியில். ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே, மும்பை, நவி மும்பை, புனே நகரங்களில். காலிறுதிக்குப் போனால் உலகக் கோப்பைக் கனவுக்கு ஒரு வழி திறக்கும். தமிழ்நாட்டின் இந்துமதி, சந்தியா, மாரியம்மாள் உள்ளிட்டோர் அணியில் இருந்தார்கள். ஈரானுடன் 0-0 டிரா. அடுத்து சீன தைபே ஆட்டத்துக்கு முன், பபுளுக்குள்ளேயே 12 பேருக்குத் தொற்று. களமிறக்க விதிப்படி தேவையான 13 பேர் இல்லை. ஆட்டம் நடக்கவில்லை, இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு. சொந்த மண்ணில், ஒரே ஆட்டத்துடன் முடிந்துபோனது.

இதில் இந்துமதியின் கதை தனி. கடலூரைச் சேர்ந்த இந்த நடுக்கள ஆட்டக்காரர் அப்போது தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் மைதானம் மூடியிருந்தபோது அவர் காக்கிச்சட்டையில் சென்னை வீதிகளில் பணியில் நின்றார். கையில் அரசு வேலை இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பை 2020 நவம்பரில் இந்தியாவில் நடக்க வேண்டியது. தள்ளிப்போய், ரத்தாகி, 2022 அக்டோபரில்தான் நடந்தது. 2020 போட்டிக்கு 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆடலாம். 2022 போட்டிக்கு 2005 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்திருக்க வேண்டும். அதாவது 2003, 2004-ல் பிறந்த பெண்கள், ஒரு தப்பும் செய்யாமல், வயது தாண்டிவிட்டார்கள். இந்தியாவில் உலகக் கோப்பை ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு இனி எப்போது வரும்?

ஏனுங்க, கோயமுத்தூருக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

வரைபடத்தைப் பாருங்கள். மதுரைக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில் இருப்பது கோவை. இரண்டு ஊரிலிருந்தும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வாளையாறு தாண்டினால் கேரளா, பல்லடம், தாராபுரம் வழியாகப் போனால் மதுரை. இந்த இரண்டு ஊர் அணிகளும் மோதிய சாம்பியன்ஷிப் ஆட்டத்தைப் பார்க்க ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போக வேண்டியிருந்தது.

கோவைக்குக் கால்பந்து புதுசில்லை. வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியம்தான் சென்னை சிட்டி அணிக்குச் சொந்த மைதானமாக இருந்தது. 2019 மார்ச் 9-ல் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி அந்த அணி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது இங்கேதான். பெயரில் சென்னை, கொண்டாடியது கோயமுத்தூர்! ஒரே வருஷத்தில் கொரோனா. 2019-20 ஐ-லீக்கில் மீதமிருந்த 28 ஆட்டங்கள் ரத்தாயின, அடுத்த சீசன் கொல்கத்தா பபுளுக்குப் போய்விட்டது. ஆக, ஆண்களும் இழந்தார்கள். ஆனால் அவர்களுக்கு இழக்க ஒரு மைதானமும் ஒரு சீசனும் இருந்தன.

ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ திருப்பூரிலோ பள்ளி அணியில் நன்றாக ஆடும் ஒரு பெண்ணுக்கு என்ன வழி இருக்கிறது? கொங்கு மண்டலத்தில் இந்த லீக்கில் ஆடும் ஒரு கிளப்கூட இல்லை. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி, அதன்பின் சேது மாதிரி ஒரு கிளப் கூப்பிட்டால் லீக். இல்லாவிட்டால் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அரசு வேலை. எல்லாவற்றுக்கும் கேட்பது ஒன்றே ஒன்று: சர்டிபிகேட். போட்டி நடந்தால்தான் சர்டிபிகேட்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின, விளையாட்டு விடுதிகளிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்தலாம், கால்பந்து ஆடமுடியாது. பையனாக இருந்தால் ஊரடங்கு தளர்ந்ததும் காலி இடத்தில் நாலு பேரைச் சேர்த்து ஆடப் போய்விடுவான். பெண் பிள்ளைக்கு விடுதியும் பயிற்சியாளரும்தான் மைதானத்துக்கான அனுமதிச் சீட்டு. அது போனால் வீட்டு வேலை, இல்லாவிட்டால் பனியன் கம்பெனி, அதுவும் இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. ‘போட்டிதான் இல்லையே, இனி எதுக்குச் சாமி பந்து?’ என்று வீட்டில் கேட்டால், 16 வயதுப் பெண் எதைக் காட்டிப் பதில் சொல்வாள்? லீக் நடக்கும் தேதியைக் காட்டலாம். 2021-ல் அந்தத் தேதியும் இல்லை.

இனி என்ன?

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் நிர்வாகம் 2022 மே மாதத்தில் பழைய ஆட்கள் கையிலிருந்து போனது. மே 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழுவை நியமித்தது. அடுத்த சீசனுக்கான அட்டவணை அந்தக் குழுவின் மேற்பார்வையில், அல்லது அதன்பின் தேர்தலில் வரும் நிர்வாகத்தின் கையில் என்ற நிலை அப்போது இருந்தது.

அந்த அட்டவணையில் அப்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. மகளிர் லீக் எந்த மாதத்தில் வருகிறது: ஆண்கள் முடித்த பிறகு மிச்சமிருக்கும் கோடையிலா, இல்லை நவம்பர்-மார்ச்சுக்குள்ளா? சேதுவும் கோகுலமும் சொந்த ஊரில் ஆடுமா, இல்லை மறுபடியும் எல்லோரும் ஒரே ஊருக்கு மூட்டை கட்ட வேண்டுமா? கிளப்புகள் வீராங்கனைகளுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் சில வாரத்துக்கா, முழு வருஷத்துக்கா?

கொரோனா நான்காம் அலை வருமா என்ற பேச்சு 2022 மே மாதத்தில் ஓயவில்லை. வந்திருந்தால் முதலில் ரத்தாகியிருப்பது எது என்பதை இந்த மூன்று பதில்களே சொல்லியிருக்கும்.